மீக்கணினியை இயக்குவோருக்கும் பயிற்சி வேண்டும்



ரூ.4,500 கோடி மதிப்பில் 2015இல் ஒப்புதல் பெற்ற தேசிய மீக்கணினித் திட்டத்தின் பயனாக, 2022இல் திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃபிளாப்ஸ் திறனுள்ள 'பரம் பொருள்' மீக்கணினி நிறுவப்பட்டது. நிரலாக்கப் பயிற்சியும் இத்திட்டத்தின் ஓர் அங்கம் என்பது பாராட்டுக்குரியது.

ஆனால், இத்தகைய கணினிகளைப் பராமரிக்கச் சேரும் இளம் பணியாளர்களுக்குத் தொழில்நுட்ப அறிவு மட்டும் போதாது. கணக்கீடு பாதியில் நின்று பதறும் ஆய்வு மாணவரிடம் பொறுமையாகக் கேட்டுச் சிக்கலைக் கண்டறிய வேண்டும். வரிசையில் காத்திருக்கும் பல துறையினருக்குப் கணினி நேரப் பங்கீட்டு விதிகளை விளக்க வேண்டும். பராமரிப்புக்காகக் கணினியை நிறுத்தும் நாளை முன்கூட்டியே தெளிவாக அறிவிக்க வேண்டும். குறிப்புகளை ஒழுங்காக எழுதி வைக்காமல் ஒருவர் பணி மாறிப் போனால், அவருடைய அனுபவமும் அவரோடு போய்விடும்.

பிரிட்டனில் ஆய்வுக்கான மென்பொருளை உருவாக்குவோருக்கு 2012 முதல் 'ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர்' என்ற பணிப்பெயர் வேரூன்றி, இன்று அவர்களுக்கெனத் தனிச் சங்கமே இயங்குகிறது. இங்கு மீக்கணினிப் பணியாளர்களுக்கும் அத்தகைய அங்கீகாரம் தேவை.

பேச்சுத்திறன், ஆவணப்படுத்தல், பணித் திட்டமிடல் ஆகியவற்றைப் பயிற்சியில் சேர்க்கவும், புதியவர் ஒவ்வொருவருக்கும் அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரை நியமிக்கவும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை முன்வர வேண்டும்.

– வாசகர், திருச்சிராப்பள்ளி