பொம்மைப் புஸ்தகமா? கொஞ்சம் நில்லுங்க பெரியவரே!

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஒரு கல்லூரி மாணவன் காமிக்ஸ் புத்தகத்தை விரித்தால் போதும். புதுச்சத்திரம் வருவதற்குள் பக்கத்து சீட் பெரியவர் கேட்டுவிடுவார்: "என்ன தம்பி, இந்த வயசுலயும் பொம்மைப் புஸ்தகமா?"

அதே பையன் செல்போனில் சிரிப்பு வீடியோ பார்த்துக்கொண்டு வந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கையில் காஸ்ட் அக்கவுண்டிங் கைடு இருந்தால் "நல்லாப் படிக்கிற புள்ள" என்று பாராட்டு வேறு. பழைய வினாத்தாளைப் பார்த்து நாலு கேள்வியை உருப்போட்டால் அது படிப்பு. கிராஃபிக் நாவல் படித்தால் அது விளையாட்டு. நல்ல கணக்குதான் போங்கள் :-)

சரி, அந்தப் பொம்மைப் புஸ்தகத்தில் என்னதான் இருக்கிறது?

மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' 2000 முதல் 2003 வரை பிரெஞ்சில் நான்கு பாகங்களாக வந்தது. தமிழில் 'ஈரான்' என்ற பெயரில் விடியல் பதிப்பகம் வெளியிட்டது. 1979 புரட்சி, அடுத்த வருடமே பள்ளிச் சிறுமிகளுக்குக் கட்டாய முக்காடு, அப்புறம் ஈராக்கோடு எட்டு வருடப் போர். அத்தனையும் தெஹ்ரானில் வளர்ந்த ஒரு சிறுமியின் வாழ்க்கை வழியாக, வெறும் கறுப்பு வெள்ளையில்.

ஒரு காட்சி. பக்கத்து வீட்டில் ஏவுகணை விழுகிறது. இடிபாட்டுக்குள் தோழியின் வளையலைச் சிறுமி பார்த்துவிடுகிறாள். கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். கடைசிக் கட்டத்தில் படமே இல்லை. முழுக்கக் கறுப்பு. அங்கே என்ன கிடந்தது என்பதைப் படிக்கிறவன்தான் மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். "படம் போட்டுக் காட்டிட்டா யோசிக்க வேலை இல்லையே" என்பவர்கள் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

2013-ல் சிகாகோ பள்ளி நிர்வாகம் இந்தப் புத்தகத்தை வகுப்பறைகளிலிருந்து எடுக்கச் சொன்னபோது மாணவர்களே போராட்டத்தில் இறங்கினார்கள். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மவுஸ்' 1992-ல் சிறப்பு புலிட்சர் வாங்கியது. 2022-ல் டென்னசியில் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம் அதைப் பாடத்திட்டத்திலிருந்தே தூக்கியது. அங்கே இந்தப் புத்தகங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். இங்கே சிரிக்கிறோம். பயப்படுகிறவனாவது அதற்குள் ஏதோ இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறான்!

காமிக்ஸில் குப்பை இல்லையா? தாராளமாக உண்டு. நாவலில் இல்லையா என்ன?

இது புதுமைப்பித்தன் பிறந்த ஊர், ஜெயகாந்தன் பிறந்த ஊர் என்று கடலூர்க்காரர்கள் பெருமை பேசுவது சரிதான். ஆனால் ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எந்த சிலபஸும் அவரை எழுத்தாளர் ஆக்கவில்லை. கையில் கிடைத்ததைத் தானாகத் தேடிப் படிக்கும் பழக்கம்தான் ஒருவனை வாசகன் ஆக்கும். பாடப்புத்தகம் தவிர வேறெதுவும் நுழையாத வீட்டிலிருந்து வருகிறவன் முதன்முதலாக ஆசைப்பட்டு எடுத்த புத்தகத்தைக் கேலி செய்தால், அவன் அடுத்து தி.ஜானகிராமனை எடுக்கப் போவதில்லை. செல்போனைத்தான் எடுப்பான். அப்புறம் "இந்தக் காலத்துப் பசங்க படிக்கிறதே இல்லை" என்று புலம்ப யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்று. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தபோது, அதைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த தலைமுறை எது? இன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் அதே தலைமுறைதான்.

அடுத்த முறை கேள்வி கேட்பதற்கு முன்னால், "கொஞ்சம் குடு தம்பி, பாக்குறேன்" என்று வாங்கிப் பாருங்கள், பெரியவரே. சிதம்பரம் வந்ததும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.