மூச்சு வாங்குவது ஏன்?

ஓடி வந்த ஒருவனுக்கு மூச்சு வாங்குவதேன் என்று வினவினால், உடம்பிற் பிராணவாயு குறைந்துவிட்டது என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். பொருத்தமானதுபோலத் தோன்றினும் அவ்விடை சரியன்று. உண்மையை அறியாமையால் நீருள் மூழ்கி உயிரிழந்த இளைஞரும் உளர். ஆதலின் சுவாசத்தின் இயல்பை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு தடவையும் உட்செல்லும் காற்று ஏறக்குறைய அரை லீற்றர். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கவிந்து கிடக்கும் பிரிமென்றகடு என்னும் தசை சுருங்கித் தாழ்கிறது. விலா எலும்புகள் உயர்கின்றன. மார்பறை விரியவே காற்று உட்புகுகிறது. அதனை வெளிவிடுவதற்குத் தனி முயற்சி வேண்டியதில்லை. விரிந்த சுவாசப்பைகள் தாமே சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும்.

சுவாசப்பைகளிலுள்ள பல கோடிச் சிற்றறைகளின் மெல்லிய சுவரூடாகப் பிராணவாயு குருதியிற் கலக்கிறது. குருதி கொண்டுவந்த கரியமிலவாயு வெளியேறுகிறது. உட்செல்லும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. வெளிவரும் காற்றிலும் 16 பங்கு எஞ்சியிருக்கிறது.

ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. மூளையிலிருந்தும் அசையும் கைகால்களிலிருந்தும் செல்லும் நரம்புச் செய்திகளால் மூச்சு உடனே விரைவடைகிறது. விலாவிடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து காற்றை வலிந்து வெளித்தள்ளுகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றையே பயன்படுத்தியவர், கடும் ஓட்டத்தின்போது 100 லீற்றருக்கு மேலும் இழுத்துவிடக்கூடும்.

எனினும் வியப்பு யாதெனின், உடல்நலம் உடையவர் ஓடும்போதும் அவருடைய நாடிக்குருதியிற் பிராணவாயு பெரிதும் குறைவதில்லை. குருதியின் செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபின் ஓய்வில் நூற்றுக்கு 97 பங்களவில் நிரம்பியிருக்கிறது. ஓட்டத்திலும் ஏறக்குறைய அவ்வாறே இருக்கிறது. அங்ஙனமாயின் மூச்சின் அளவை வகுப்பது எது? 1905ஆம் ஆண்டில் ஹோல்டேன், பிறீஸ்ற்லி என்னும் அறிஞர் இருவர் இதற்கு விடை கண்டனர். சிற்றறைகளிற் கரியமிலவாயு சிறிது மிகுந்தாலும் மூச்சு விரைவடைகிறது என்பதை அவர்கள் நிறுவினர். மூளையின் அடிப்பாகத்திலுள்ள சுவாச மையமே இவ்வாயுவின் அளவை ஓயாது கண்காணிக்கும் காவற்காரன். உழைக்கும் தசைகள் மிகுதியாக உண்டாக்கும் கரியமிலவாயுவை அகற்றவே மூச்சு வாங்குகிறது.

இக்காவற்காரனை ஏமாற்றுதல் பேராபத்து. நீருள் நெடுநேரம் நீந்த விரும்பும் இளைஞர் சிலர், மூழ்குமுன் பலமுறை விரைந்தும் ஆழ்ந்தும் மூச்சிழுத்து விடுவதுண்டு. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் வார்த்தாற்போல, இதனாற் குருதியிற் சேரும் பிராணவாயு மிகச் சொற்பமே. கரியமிலவாயுவோ வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பின்னர் நீருள் நீந்துகையிற் பிராணவாயு செலவாகிக்கொண்டே போகிறது. ஆனால் மூச்செடுக்கவேண்டும் என்ற உந்துதல் உரிய வேளையில் எழுவதில்லை. எவ்வித முன்னறிவிப்புமின்றி அறிவு மயங்குகிறது. மயங்கியவன் மூச்செடுக்க முயலும்போது சுவாசப்பைகளுட் புகுவது நீரே. நன்கு நீந்தத் தெரிந்தவனும் இதற்கு விலக்கல்லன்; ஆழமற்ற குளத்திலும் இது நேரும்.

ஆகவே பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இதனைத் தெளிவாக உணர்த்துதல் வேண்டும். மூழ்குமுன் அவ்வாறு விரைந்து மூச்சிழுத்து விடுதல் ஆகாது. யார் அதிக நேரம் மூச்சடக்குவார் என்று நீருட் போட்டியிடலும் ஆகாது. துணையின்றி மூழ்குதல் ஒருபோதும் கூடாது. மேலே வா என்று உடம்பு அழைக்கும்போது, அவ்வழைப்புக்கு அக்கணமே பணிதலே அறிவுடைமை.