வரி மட்டும் வாங்குவீங்க, பதில் சொல்ல மாட்டீங்களா?

போன செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ் கட்ட வேண்டிய கடைசி நாள். என் ரூம்மேட் போனை எடுத்துப் பணம் அனுப்பினான். ஃபெயில்ட். மறுபடியும் அனுப்பினான். மறுபடியும் ஃபெயில்ட். சர்வர் டவுனா இருக்கும்னு கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பேங்கிலிருந்து மெசேஜ் வந்திருந்தது. அவன் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த நாள் இரண்டு பேரும் பிராஞ்சுக்குப் போனோம். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "தம்பி, வேற ஸ்டேட் சைபர் கிரைம்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. உங்க அக்கவுண்ட்டுக்கு வந்த ஒரு பணம் மோசடிப் பணமாம். அவங்ககிட்ட என்ஓசி வாங்கிட்டு வாங்க" என்றார். எந்தப் பணம் என்று தேடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அவன் ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவன். வெளிநாட்டில் ஒருவருக்கு ஒரு பாட் எழுதிக் கொடுத்தான். அந்த ஆள் கூலியை யூஎஸ்டிடி காயினாக அனுப்பினார், மொத்தம் 150. அதை ஒரு ஆப்பில் பி-டு-பி முறையில், அதாவது இன்னொரு ஆளுக்கு நேரடியாக, 13,200 ரூபாய்க்கு விற்றான். ஆப் அதில் 132 ரூபாயை டிடிஎஸ் என்று பிடித்துக்கொண்டது. வாங்கியவர் யார், அவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? யாரையோ ஏமாற்றி எடுத்த பணம், கை மாறிக் கை மாறி இவன் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது.

ஆப்பின் கஸ்டமர் சப்போர்ட், "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. அந்த மாநில போலீஸ் நம்பருக்கு போன் போட்டால் இந்தியில் பேசினார்கள். எங்களுக்குத் தெரிந்த இந்தி "நஹீ மாலும்" வரைதான். எக்ஸாம் ஃபீஸை ஃப்ளோர் பசங்க சேர்ந்து போட்டுக் கட்டினோம். அன்றைக்கு ராத்திரி அவன் கேட்டான், "நான் செஞ்சது சட்டப்படி தப்பா மச்சான்?"

எட்டு பேர் இருந்தோம் ரூமில். பிளாக்செயினில் ஹாஷ் எப்படி வேலை செய்கிறது என்று போர்டில் எழுதிக் காட்டக்கூடியவர்கள். அந்தக் கேள்விக்கு ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

கதை 2018-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கிரிப்டோ வியாபாரம் செய்பவர்களுக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக் கூடாது என்பது உத்தரவு. கிரிப்டோவை அது தடை செய்யவில்லை. வங்கிக் கதவை மட்டும் மூடியது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர், முன்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதிகாரம் உண்டு, ஆனால் வங்கிகளுக்கு என்ன பாதிப்பு வந்தது என்று காட்டாமல் இவ்வளவு கடுமையாகப் போனது அளவுக்கு மீறியது என்றார்.

இதற்கு நடுவில், 2019-இல் ஒரு அரசுக் குழு வரைவு மசோதா தயாரித்தது. முழுத் தடை, மீறினால் 10 ஆண்டு வரை சிறை. 2021-இல் பட்ஜெட் கூட்டத்தொடர், குளிர்காலக் கூட்டத்தொடர் இரண்டிலும் கிரிப்டோ மசோதா பட்டியலில் இருந்தது. இரண்டு முறையும் தாக்கல் ஆகவில்லை.

சட்டம் வரவில்லை. வரி வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம், ஜூலை 1 முதல் விற்பனையில் 1 சதவீதம் டிடிஎஸ். பெயர்கூட வைத்துவிட்டார்கள், 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து'. அப்படியென்றால் இது சட்டப்பூர்வமா என்று கேட்டதற்கு நிதியமைச்சர் சொன்னதன் சாரம் இதுதான்: வரி போடுவது எங்கள் உரிமை, தடை செய்வதா வேண்டாமா என்பது பிறகு. அப்போதைய நிதித்துறைச் செயலர் டி.வி. சோமநாதன் இதைக் குதிரைப் பந்தய வருமானத்தோடு ஒப்பிட்டார்.

குதிரைப் பந்தயம் மாதிரிதானே, வரி கட்டிட்டுப் போ என்று தோன்றலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். சம்பளம் வாங்கும் ஒரு சீனியர், ஒரு காயினில் 10,000 ரூபாய் லாபம் பார்க்கிறார், இன்னொன்றில் 10,000 நஷ்டம். கையில் மிஞ்சியது பூஜ்யம். வரி? 10,000-க்கு 30 சதவீதம், மேலே செஸ், மொத்தம் 3,120 ரூபாய். ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. பங்குச் சந்தையில் இதே மாதிரி நஷ்டத்தைக் கழிக்கலாம். ஆனால் பங்குச் சந்தைக்கு செபி இருக்கிறது. கிரிப்டோவுக்கு?

2023 மார்ச்சில் கருப்புப் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் எக்ஸ்சேஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள். இப்போது அவை வாடிக்கையாளரின் கேஒய்சி எடுக்க வேண்டும், சந்தேகமான பரிவர்த்தனையை அரசுக்குச் சொல்ல வேண்டும். நல்லதுதான். ஆனால் அது நம்மைப் பற்றி அரசுக்குத் தகவல் போகும் வழி. நம் பணம் காணாமல் போனால் நாம் யாரிடம் போவது என்பதற்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். 2024 ஜனவரியில் ஒரு எக்ஸ்சேஞ்சில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி காயின் வாங்கியவர். அந்த ஜூலையில் அங்கே சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள வேறு காயின்கள் ஹேக் ஆயின. இவருடையது திருடு போகவில்லை, ஆனாலும் இவர் கணக்கும் முடங்கியது. நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது எக்ஸ்சேஞ்ச் தரப்பு. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். கிரிப்டோ தொட்டுப் பார்க்கும் பொருள் இல்லை, நாணயமும் இல்லை. ஆனால் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்றார்.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. ஆனால் இதைப் படித்ததும் கோபமும் வந்தது. நாடாளுமன்றம் ஒரு பக்கத்தில் எழுத வேண்டிய விஷயத்தை, கணக்கு முடங்கிய ஒருவர் வக்கீல் வைத்து, கோர்ட் படியேறி வாங்க வேண்டியிருக்கிறது. என் ரூம்மேட் 13,200 ரூபாய்க்கு ஹைகோர்ட் போக முடியுமா?

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முறைப்படுத்தினால் அரசே இதற்கு முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகும், சாதாரண மக்களும் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்பது ஒன்று. டாலரோடு கட்டப்பட்ட யூஎஸ்டிடி மாதிரிக் காயின்கள் பெருகினால் ரூபாயின் மேல் ரிசர்வ் வங்கிக்கு இருக்கும் பிடி தளரும் என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான பயம். பிட்காயினை ரூபாய் மாதிரி சட்டப்பூர்வ செலாவணி ஆக்குங்கள் என்று நானும் கேட்கவில்லை. எல் சால்வடார் 2021-இல் அதைச் செய்து பார்த்துவிட்டு, 2025-இல் பின்வாங்கிவிட்டது.

ஆனால் பயம் என்றால் தடை செய்யுங்கள். நாடாளுமன்றத்தில் விவாதித்து, தேதி சொல்லி, இருப்பதை விற்று வெளியேற அவகாசம் கொடுத்துத் தடை செய்யுங்கள். அதுவும் சட்டம்தான், எங்களுக்குப் புரியும். தடையும் இல்லை, அனுமதியும் இல்லை, வரி மட்டும் உண்டு என்பதுதான் புரியவில்லை.

அரசுக்கு நேரம் இல்லை என்பதையும் நான் நம்பத் தயாரில்லை. அதே 2022-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, டிஜிட்டல் ரூபாய்க்கு இடம் கொடுத்தார்கள். அந்த டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான சோதனை ஓட்டமும் தொடங்கிவிட்டது. தங்கள் டிஜிட்டல் பணத்துக்கு வேண்டுமென்றால் வேகமாகச் சட்டம் எழுத வருகிறது, இல்லையா?

ஜப்பான் 2014-இல் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானதும் பாடம் படித்தது. வாடிக்கையாளர் பணத்தை நிறுவனப் பணத்தோடு கலக்கக் கூடாது என்ற விதி 2017 முதல் அங்கே சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் முதல் எல்லா எக்ஸ்சேஞ்சுக்கும் உரிமம், தனிப் பாதுகாப்பு, புகார் நடைமுறை கட்டாயம். இரண்டு இடத்திலும் யாரும் கிரிப்டோவை நாட்டு நாணயம் ஆக்கவில்லை.

நமக்கும் நான்கு பதில் போதும். எக்ஸ்சேஞ்ச் மூழ்கினால் காயின் யாருடையது? புகாரை எந்த அலுவலகம் வாங்கும்? தெரியாமல் மோசடிப் பணம் வாங்கியவரின் கணக்கை எத்தனை நாள் வரை, எவ்வளவு தொகை வரை முடக்கலாம்? வெளிநாட்டு வேலைக்குக் காயினாகக் கூலி வாங்கலாமா, கூடாதா?

அதுவரை ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. தெரியாதவருக்கு பி-டு-பி-யில் விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் பணம் அனுப்புபவரின் பெயரும் ஆப்பில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள், சாட், ரசீது எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்காலர்ஷிப் வரும் கணக்கை இதற்குப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீர்கள். நீங்களே ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் போடுங்கள்.

ரூம்மேட் கணக்கு ஏழு வாரம் கழித்துத் திறந்தது. அந்த விற்பனையில் வந்த பணம் மட்டும் இன்னும் லாக்கில்தான் இருக்கிறது. போன வாரம் இன்கம் டாக்ஸ் சைட்டில் அவனுடைய 26ஏஎஸ்-ஐத் திறந்து பார்த்தோம். பிடித்த 132 ரூபாய் டிடிஎஸ் அங்கே பத்திரமாக, தேதியோடு பதிவாகியிருக்கிறது. அவன் என்ன விற்றான் என்று அரசுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அது தப்பா இல்லையா என்று மட்டும் இன்னும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.