வக்கீல் என்றால் யார்?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மத்ரஸா வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கற்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ராத்தா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் கடற்றொழில் செய்பவர். மகன் உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறான். சட்டம் படிக்க வேண்டும் என்பது அவனது ஆசை. வாப்பா சம்மதிக்கவில்லையாம்.

"மௌலவி, இவன்ட வாப்பா சொல்றார், அது பொய் சொல்லிப் பிழைக்கிற தொழிலாம். சட்டம் படிச்சவன் கடைசியில அரசியலுக்குத்தான் போவானாம். அங்க போனா மிச்சமிருக்கிற ஈமானும் போயிருமாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அந்தத் தாய்.

மகன் தலையைக் குனிந்தபடி நின்றான். ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விடயமல்ல இது. நம் வீடுகளில் பல வாப்பாமார் இப்படித்தான் நினைக்கிறார்கள். எனவே அந்தத் தாய்க்குச் சொன்ன பதிலை இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் 'வக்கீல்' என்ற சொல்லைப் பார்ப்போம். அது அரபுச் சொல். ஒருவர் தம் காரியத்தைத் தாமே செய்ய முடியாதபோது நம்பிக்கையான இன்னொருவரிடம் அதை ஒப்படைக்கிறார். ஒப்படைக்கப்பட்டவர்தான் வக்கீல். மார்க்கச் சட்ட நூல்களில் 'வகாலத்' என்று இதற்கெனத் தனிப் பாடமே உண்டு. அதில் மாணவர்களுக்கு மூன்று விடயங்களை அழுத்திச் சொல்வோம். ஒன்று, ஒப்படைத்தவர் வகுத்த எல்லையை வக்கீல் தாண்டக்கூடாது. இரண்டு, அவர் கையில் இருப்பது அமானிதம். அவருடைய சொந்தச் சொத்தல்ல. மூன்று, வக்கீல் மரணித்தால் அந்த வகாலத்தும் முடிந்துவிடும். அது வாரிசுச் சொத்தாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது.

நீதிமன்றத்தில் நிற்பவர் ஒருவருக்கு வக்கீல். பாராளுமன்றத்தில் நிற்பவர் ஓர் ஊருக்கு, ஒரு சமூகத்துக்கு வக்கீல். தொழில் ஒன்றுதான், அமானிதத்தின் பாரம்தான் கூடுகிறது.

சட்டம் படித்து அரசியலுக்குப் போனவர்கள் நம் மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர். புத்தளத்தின் எச்.எஸ். இஸ்மாயில் சட்டத்தரணியாக இருந்து பாராளுமன்றம் சென்றவர். 1956 இல் சபாநாயகரானார். அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவரே. எம்.எச்.எம். நெய்னா மரிக்காரும் சட்டத்தரணிதான். 1988 இல் நாட்டின் நிதியமைச்சராகவே ஆனார். ஆனாலும் வகாலத்தின் அந்த மூன்று விடயங்களையும் விளங்கிக்கொள்ள இன்னொருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களே அவர்.

1948 ஒக்டோபர் 23 இல் சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்தவர் அவர். சட்டக் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியானார். அவர் இளைஞராக இருந்த காலத்தில் நம் புத்தளத்தில் ஒரு துயரம் நடந்தது. 1976 பெப்ரவரி 2 ஆம் திகதி பெரிய பள்ளிவாசலில் பொலிஸார் சுட்டதில் ஏழு முஸ்லிம்கள் ஷஹீதானார்கள். நம் ஊரின் முதியவர்களுக்கு அந்த நாள் இன்னும் மறக்கவில்லை. அதைப் பாராளுமன்றத்தில் எடுத்துப் பேசியவர் தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம்.

அடுத்த ஆண்டு, 1977 பொதுத் தேர்தலில், முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியோடு இணைந்து நின்றது. அஷ்ரப் அந்த முன்னணியின் மேடைகளில் முழங்கியவர். கூட்டணியில் நின்ற முஸ்லிம் வேட்பாளர் ஒருவர்கூட வெல்லவில்லை. பிறர் ஏறிய தோணியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கரை சேர முடியாது என்ற பாடத்தை அந்தத் தோல்வி அவருக்குக் கற்றுக்கொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

1981 இல் காத்தான்குடியில் ஓர் அமைப்பாகத் தொடங்கிய ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ், 1986 இல் அவரது தலைமையில் அரசியல் கட்சியானது. 1988 நவம்பரில் நடந்த வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 71 ஆசனங்களில் 17 ஐப் பெற்றது. இவை நீங்கள் அறிந்த செய்திகள். பலரும் மறந்துவிட்ட ஒன்றைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

1978 யாப்பின்படி, ஒரு மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு பெறாத கட்சியின் வாக்குகள் ஆசனக் கணக்கிலேயே சேரமாட்டா. எட்டில் ஒரு பங்கு என்றால் 12.5 சதவீதம். இப்போது நம் மாவட்டத்தைப் பாருங்கள். 1981 குடிசன மதிப்பீட்டின்படி புத்தளம் மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர். அப்படியானால், கற்பிட்டி முதல் சிலாபம் வரை அத்தனை பேரும் ஒரே சின்னத்துக்கு வாக்களித்தாலும், அந்த வாக்குகள் எண்ணப்பட்ட பின் ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கும். நாம் வாக்களித்தோம் என்பதற்கு விரலில் பூசிய மை மாத்திரமே சாட்சியாக இருந்திருக்கும்!

1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியது. ஆர். பிரேமதாச வேட்பாளராக நின்றார். அவருக்கு ஆதரவு கொடுப்பதற்கு அஷ்ரப் முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது, எட்டில் ஒரு பங்கை இருபதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்பது. அதாவது 5 சதவீதம். தேர்தலுக்கு முன்பே பதினைந்தாவது யாப்புத் திருத்தமாக அது நிறைவேறியது. யாப்பில் மாறியது ஒரு பின்னம்தான். ஆனால் அது முஸ்லிம்களுக்கு மட்டுமா பயன்பட்டது? மலையகத் தமிழருக்கும், சிறிய இடதுசாரிக் கட்சிகளுக்கும், நாட்டில் சிதறி வாழும் எல்லாச் சிறு தொகையினருக்கும் கதவு திறந்தது. கதவு திறந்தால் ஆசனம் கிடைத்துவிடும் என்பதில்லை. அதற்கு ஒற்றுமையும் உழைப்பும் வேண்டும். ஆனாலும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று ஒற்றுமை பேசி என்ன பயன்?

இதுதான் சட்டம் படித்தவனின் வேலை. மேடையில் தொண்டை கிழியக் கத்துபவர்கள் பலர் இருந்தார்கள். சட்டப் புத்தகத்தில் எந்த வரி நம்மை அடைக்கிறது என்று தேடிக் கண்டு, அதை மாற்றும் வேளைக்காகக் காத்திருந்தவர் அவர். இப்போது அந்த வாப்பாவிடம் கேட்கிறேன்: இதில் பொய் எங்கே இருக்கிறது?

1989 பெப்ரவரித் தேர்தலில் அவரது கட்சி நான்கு ஆசனங்கள் பெற்றது. அவரும் பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டு வந்த சோதனையை நம் கரையோர மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசல் இழந்தார்கள். மன்னார்த் தீவு மக்கள் தோணிகளில் ஏறி நம் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. மழையில் நனைந்த குர்ஆன் பிரதி ஒன்றைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்தபடி ஒரு மூதாட்டி தோணியிலிருந்து இறங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உம்மா வீட்டிலிருந்த பெரிய சட்டியை எடுத்துப் போய்க் கஞ்சி காய்ச்சினார். அன்றிரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று குடும்பங்கள் படுத்தன. கிடுகு வேய்ந்த முகாம்கள் சில மாதங்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம்.

1994 இல் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. அந்த ஏழு இல்லாமல் ஆட்சி அமைப்பது கடினம். அஷ்ரப் கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரானார். 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமானது. இன்று ஒலுவிலில் படித்துப் பட்டம் பெற்ற நம் மாவட்டப் பிள்ளைகள் எத்தனை பேர்! அமைச்சராக இருந்துகொண்டே அவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுமாணிப் பட்டமும் பெற்றார். அவர் கவிஞருமாவார், 'நான் எனும் நீ' அவரது கவிதைத் தொகுப்பு.

ஆனால் வாசகர்களே, புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் அமானிதத்துக்கு நான் துரோகம் செய்தவனாவேன். புனர்வாழ்வு அமைச்சு அவர் கையில் ஆறு ஆண்டுகள் இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஆலங்குடாவிலும் பாலாவியிலும் மக்கள் கிடுகுக் குடிசைகளில்தான் இருந்தார்கள். யுத்தம் தடையாக இருந்தது உண்மை. ஒருவரால் ஆகக்கூடிய காரியமும் அல்ல. ஆனாலும் அந்தக் குடிசையில் பிறந்த பிள்ளை "நமக்கு ஓர் அமைச்சர் இருந்தாரே, ஏன் நம் கூரை மாறவில்லை?" என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. வக்கீலிடம் கணக்குக் கேட்பது அவரை இழிவுபடுத்துவது ஆகாது. ஒப்படைத்தவரின் உரிமை அது. நாம் என்ன செய்தோம்? மாலை போட்டோம், நாரே தக்பீர் முழங்கினோம், கணக்குக் கேட்க மறந்துவிட்டோம்.

2000 செப்டெம்பர் 16. அப்போது நான் அரபுக் கல்லூரி மாணவன். கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்கவில் விழுந்து அஷ்ரப் மரணித்தார் என்ற செய்தியை வானொலி சொன்னது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு வயது 51. பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இருக்கவில்லை. எங்கள் விடுதியில் அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதன் பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். முஸ்லிம் காங்கிரஸ் றவூப் ஹக்கீமிடம் போனது. தேசிய ஐக்கிய முன்னணி அஷ்ரபின் மனைவி பேரியல் அஷ்ரபிடம் போனது. பிறகு தேசிய காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் என்று கிளைகள் பிரிந்தன. எல்லா மேடைகளிலும் அவரது படம்தான் தொங்கியது. எல்லோரும் "தலைவரின் வாரிசு நாமே" என்றார்கள்.

இங்கேதான் வகாலத்தின் மூன்றாவது விடயத்தை நினைவில் கொள்ளுங்கள். வக்கீல் மரணித்தால் வகாலத் முடிந்துவிடுகிறது. அது மீண்டும் ஒப்படைத்தவர் கைக்கே, அதாவது நம் கைக்கே திரும்பி வருகிறது. புதிதாக ஒருவருக்கு நாமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இறந்தவரின் படத்தைக் காட்டி அதை எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை. படத்தைப் பார்த்து வாக்களித்தவர்களே, நீங்கள் கொடுத்தது யாருக்கு?

அந்தத் தாயிடம் இறுதியில் இதைத்தான் சொன்னேன்: "ராத்தா, மகன் படிக்கட்டும். காணி உறுதி இல்லாமல் தவிக்கிறவர், காதி நீதிமன்றப் படியில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண், பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லாமல் திரும்பி வருகிற அகதிக் குடும்பம், இவர்களுக்கெல்லாம் நம் கரையில் வக்கீல் வேண்டும். பொய் தொழிலில் இல்லை, ஆளில் இருக்கிறது. மீன் தராசிலும் பொய் சொல்லலாம் என்று இவன்ட வாப்பாவுக்குத் தெரியாதா?"

அவர் சிரித்துவிட்டார். மகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "தம்பி, நீ நாளைக்கு நீதிமன்றத்தில் நின்றாலும் பாராளுமன்றத்தில் நின்றாலும், உன்னிடம் ஒப்படைத்தவன் வந்து கணக்குக் கேட்டால் கோபப்படாதே. கோபம் வருகிற நாளில் நீ வக்கீல் இல்லை, முதலாளி ஆகிவிட்டாய் என்று அர்த்தம்."

வாப்பா இன்னும் சம்மதிக்கவில்லை என்று கேள்வி. அவர் கடலிலிருந்து வந்ததும் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டும்படி அந்த ராத்தாவைக் கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளைகளை அமானிதம் பேணும் வக்கீல்களாகவும், நம்மை அவர்களிடம் அச்சமின்றிக் கணக்குக் கேட்பவர்களாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. மர்ஹூம் அவர்களின் பிழைகளை மன்னித்து, நன்மைகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.