விரற்கடை நீரும் வர்க்கக் கணக்கும்

குருக்கள்மடம் துறையடியில், அம்பிளாந்துறைப் 'பாதை' வந்து அணையும் இடத்தில், தண்ணீருக்குள் ஒரு மரக்குற்றி நிற்கிறது. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கும் மேற்குக் கரையான படுவான்கரைக்கும் இடையே போய்வரும் மிதவைக்கு இங்கே 'பாதை' என்றுதான் பெயர். அந்தக் குற்றியில் இரண்டு அடையாளங்கள். மேலே மாரி வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு. கீழே நாளாந்தம் ஏறியிறங்கும் நீர் படியவிட்ட பாசிப் பட்டை. இரண்டுக்கும் இடையே முழக்கணக்கில் தூரம் இருக்கிறது. பாசிப் பட்டையின் அகலம் மட்டும் விரற்கடை அளவுதான். மட்டக்களப்பு வாவியில் வற்றுப்பெருக்கு மின்சாரம் பற்றிப் பேச வருகிற எவரும் முதலில் இந்தக் குற்றியைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்பது அரசின் இலக்கு. அதனால் காற்றையும் வெயிலையும் தேடிய கண்கள் கடல்நீரின் பக்கமும் திரும்புகின்றன. வற்றுப்பெருக்கின் கவர்ச்சி நமக்கும் புரிகிறது. எரிபொருள் வேண்டாம், புகை இல்லை, மழை பொய்த்தாலும் சந்திரன் பொய்ப்பதில்லை. அடுத்த நூற்றாண்டின் வற்றுப்பெருக்கு நேரங்களையும் இன்றே கணித்துவிடலாம். இவ்வளவும் உண்மை. ஆனால் எரிபொருள் செலவு இல்லை என்பதைச் செலவே இல்லை என்று வாசிக்கும் பழக்கம் நம் துறைக்குள்ளும் வந்துவிட்டது. இந்த உரை அதைப் பற்றியது.

முதலில் பௌதிகம். ஒரு நீர்த்தேக்கத்தை அணைகட்டி மறித்து எடுக்கக்கூடிய வற்றுப்பெருக்குச் சக்தி, பரப்பளவுக்கு நேர்விகிதத்திலும் நீர்மட்ட வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கிறது. உயரம் பாதியானால் சக்தி கால்வாசியாகிவிடும். பிரான்சின் ரான்ஸ் கழிமுகத்தில் 1966இல் திறக்கப்பட்ட நிலையம் 240 மெகாவாட் திறன் கொண்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கிகாவாட் மணி தருகிறது. அங்கே தேக்கப் பரப்பு 22 சதுர கிலோமீற்றர், சராசரி வற்றுப்பெருக்கு வீச்சு 8 மீற்றர். இலங்கைக் கரையில் வீச்சு ஒரு மீற்றரைத் தொடுவதில்லை. தாராளமாக அரை மீற்றர் என்று வைத்தாலும் உயரம் பதினாறில் ஒரு பங்கு, சக்தி 256இல் ஒரு பங்கு. வாவி பரப்பில் ரான்ஸைப்போல் சுமார் ஐந்து மடங்கு என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 10 கிகாவாட் மணி வரும். மன்னார் தம்பபவனியில் நிற்கும் 30 காற்றாலைகளில் ஒன்றின் விளைச்சலுக்கு அண்மையான எண் அது. அதுவும் வாவி முழுவதும் அரை மீற்றர் ஏறியிறங்கும் என்ற கற்பனையில்தான். ஒடுங்கிய முகத்துவாரத்துக்குள் நுழைந்து 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட வாவிக்குள் பரவும்போது அந்த ஏற்றம் கரைந்துவிடுகிறது. குருக்கள்மடத்துக் குற்றியில் மிஞ்சுவது விரற்கடை.

சுழலியின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே கதைதான். 0.3 மீற்றர் தலைமட்டத்தில் ஒரு மெகாவாட் வேண்டுமானால் வினாடிக்கு 400 கன மீற்றருக்கு மேல் நீர் பாய வேண்டும். அவ்வளவு நீரை விடும் வாய்க்கு எத்தனை கதவு, எவ்வளவு கொங்கிறீற்று, உப்பும் சிப்பியும் தின்னும் எவ்வளவு இரும்பு என்பதை இத்துறையில் இருப்போருக்குச் சொல்லத் தேவையில்லை. காம்பே வளைகுடாவில் 11 மீற்றர் வரை நீர் ஏறும். அப்படியிருந்தும் இந்தியாவில் இன்றுவரை ஒரு வணிக நிலையமும் எழவில்லை. கட்ச் வளைகுடாவின் 50 மெகாவாட் திட்டமும் சுந்தரவனத்து துர்காதுவானியின் 3.75 மெகாவாட் திட்டமும் செலவு தாங்காமல் கைவிடப்பட்டன.

அடுத்து சுற்றாடல். ரான்ஸைக் கட்டியபோது வேலைத்தலத்தை உலர்த்துவதற்காகக் கழிமுகத்தை ஏறக்குறைய மூன்று வருடங்கள் கடலிலிருந்து அடைத்து வைத்தார்கள். உள்ளே உவர்நீர் உயிர்கள் பெருமளவில் அழிந்தன. திறந்த பிறகு புதிய உயிர்ச்சமநிலை உருவாகச் சுமார் பத்து வருடங்கள் எடுத்தன. திரும்பி வந்தது பழைய கூட்டமும் அல்ல. சில மீன்கள் வரவேயில்லை, வேறு சில பெருகின. சேறு படிவது இன்றும் அங்கே தீராத பராமரிப்புச் செலவு. கனடாவின் அன்னபொலிஸ் நிலையம் 1984இல் தொடங்கியது, 20 மெகாவாட். சுழலிக்குள் அகப்பட்டு மீன் சாகிறது என்ற பிரச்சினை அதை விட்டு விலகவேயில்லை. 2019இல் அது நின்றுபோனது. தென்கொரியாவின் சிஹ்வா வேறு வகை. 1994இல் கடற்சுவரால் அடைபட்டு நாறிப்போன ஏரிக்குள் 2011இல் 254 மெகாவாட் நிலையம் கடல்நீரை மீண்டும் விட்டது, நீரும் தெளிந்தது. ஏற்கனவே மூடிக்கெட்ட இடத்தைத் திறப்பதற்கும், திறந்து உயிரோடிருக்கும் இடத்தை மூடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை சிஹ்வா காட்டுகிறது.

முகத்துவாரத்தில் கைவைத்தால் என்ன நடக்கும் என்று அறிய நாம் வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. வடக்கே தொண்டைமானாற்றில் 1950களில் கதவணை கட்டினார்கள். வடமராட்சி நீரேரியை நன்னீராக்குவது நோக்கம், நல்ல நோக்கம். மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் கதவுக்கு வெளியே உப்பு, உள்ளே நன்னீர் என்று வந்தவுடன், உள்ளே மீன் பிடிப்பவர் ஒன்று கேட்பார், கிணறும் வயலும் வைத்திருப்பவர் இன்னொன்று கேட்பார். பலகைகள் உக்கிப் பராமரிப்பு விட்டுப்போன காலத்தில் அந்தக் கதவு இருவருக்கும் உதவவில்லை. தெற்கே கொக்கலையில் தவறு எதிர்ப்பக்கமாக நடந்தது. 1990களில் முகத்துவார மணல்மேட்டை அகற்றினார்கள், வாய் நிரந்தரமாகத் திறந்துகொண்டது, உவர்ப்பு ஏறியது, கரைத் தாவரங்கள் மாறின.

நமது வாவிக்குத் தனக்கென்று ஒரு மூச்சு உண்டு. கோடையில் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் ஒடுக்கும். மாரியில் படுவான்கரை வயல்களிலிருந்து வெள்ளம் இறங்கும். மட்டம் ஏறும்போது வாயை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள், பொறுக்கச் சொல்லி மீனவர்கள் கேட்பார்கள். இறால் கடலில் முட்டையிடுகிறது, அதன் குஞ்சு இந்த வாய் வழியாக உள்ளே வந்து கண்டல் வேர்களுக்கிடையே வளர்கிறது. கொடுவாவும் முட்டையிடக் கடல்வாயைத்தான் தேடிப் போகிறது. விரற்கடை நீர் மின்சுழலிக்குப் போதாது. ஒரு இறால் குஞ்சை முகத்துவாரம் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்க அது போதும். உப்பைக் கலக்கவும் அழுக்கைக் கொண்டுபோகவும் போதும். வற்றுப்பெருக்கு இங்கே ஏற்கனவே வேலையில் இருக்கிறது. துறையடியில் தோணியை இழுத்துவிட்டுக் கூடையைக் கவிழ்ப்பவர் விற்கும் இறால் அந்த வேலையின் விளைச்சல். அதை எந்தச் சாத்தியவள அறிக்கையும் செலவுப் பக்கத்தில் எழுதுவதில்லை.

சட்டம் நம் கையில் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் இருக்கிறது, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தாக்க மதிப்பீடும் இருக்கிறது. ஆனால் மதிப்பீடு பெரும்பாலும் வரைபடம் முடிந்த பிறகே வருகிறது. அப்போது கேள்வி 'கட்டலாமா' என்பதிலிருந்து 'எப்படிக் குறைக்கலாம்' என்று சுருங்கிவிடுகிறது.

ஆகவே இவ்விதழ் வாசகர்களான பொறியியலாளர்களிடமும் சுற்றாடல் ஆய்வாளர்களிடமும் மூன்று விடயங்களை வேண்டுகிறோம். வற்றுப்பெருக்குத் திட்ட அறிக்கை எதிலும் முதற்பக்கத்தில் மெகாவாட்டுக்கு முன்னால் வீச்சின் மீற்றரை எழுதுங்கள், வர்க்கக் கணக்கு தானாகப் பேசும். கட்டுமான காலத்தில் வாய் எத்தனை நாள் மூடியிருக்கும் என்பதைத் தனிச் செலவாகக் காட்டுங்கள், ரான்ஸில் பெரிய இழப்பு அந்த நாட்களில்தான் நடந்தது. வாயைத் திறப்பதும் மூடுவதும் யார் தீர்மானம் என்பதை, விவசாயியும் மீனவரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், வரைபடத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்பதில் எமக்குச் சந்தேகமே இல்லை. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் நனைவது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நாடாவாகக் கிடக்கும் இந்த எழுவான்கரைதான். அந்த அக்கறையினால்தான் சொல்கிறோம்: பொருந்தாத இடத்தில் போடும் பணம் பொருந்தும் இடத்துக்குப் போகாமல் போகும்.

முகத்துவாரத்தில் ஒன்று, கல்லடியில் ஒன்று, குருக்கள்மடத்துக் குற்றிக்குப் பக்கத்தில் ஒன்று என மூன்று நீர்மட்ட அளவுகோல்களை நட்டு, ஒரு கோடையும் ஒரு மாரியும் வாசிப்போம். செலவு சிறிது, யாருடைய வலையும் கிழியாது. திட்டம் பற்றிய பேச்சு அந்த எண்களிலிருந்து தொடங்கட்டும்.