யாருடைய மதிப்பெண்?

சமச்சீர்க் கல்வி 2010-இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில்தான் தொடங்கியது. 2012-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. மனப்பாடத்தின் பிடியிலிருந்து குழந்தையை விடுவிப்பதே நோக்கம். அதில் பிழையில்லை.

ஆனால் அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு உரியது. செயல்பாட்டை வீட்டுக்கு அனுப்பியதும் அது பெற்றோரின் தேர்வாகிவிடுகிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் இரவு பத்து மணிக்குத் தெர்மோகோல் வெட்டிக்கொண்டிருப்பவர் மாணவியல்ல, அவள் தந்தை. அதே வகுப்பில் படிக்கும், வீட்டுவேலை செய்யும் பெண்ணொருத்தியின் மகளுக்கு வெட்டித்தர ஆளில்லை; தி.நகர்க் கடையில் சார்ட் வாங்கக் காசுமில்லை. மதிப்பெண் பட்டியலில் இந்த வேறுபாடு திறமையின் வேறுபாடாகப் பதிவாகிறது. அப்புறம் சமச்சீர் எங்கே?

கல்லூரி முதலாண்டில் சொந்தமாக ஒரு பத்தி எழுதத் தயங்குகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பிறர் செய்துகொடுத்தே பழகிய கைகள் அவை.

செயல்பாடுகள் வகுப்பறைக்குள்ளேயே, பள்ளி தரும் பொருள்களைக் கொண்டே நடக்க வேண்டும். பெற்றோரிடம் எதிர்பார்க்கத்தக்கது ஒன்றுதான்: அன்று படித்ததைப் பிள்ளை சொல்ல, பொறுமையாகக் கேட்பது. எழுத்தறியாத தாய்க்கும் அது இயலும். படம் கோணலாகத்தான் ஒட்டப்படும். அந்தக் கோணலுக்கு மதிப்பெண் தர ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.