நான்கா, ஆறா?



ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையுள்ள ஆலைகளில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் உருவாகி வெளிவருவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவ்வண்டிகளோடு உரோமை எண் ஒன்றும் சேர்ந்தே வெளிவருவதைப் பலர் கவனிப்பதில்லை. வண்டிப் புகைக்கு வரம்பு கட்டும் அரசு விதிக்குப் 'பாரத் ஸ்டேஜ்' என்பது பெயர். அதன் படிநிலையை உரோமை எண்ணால் குறிப்பதே வழக்கம். 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் நான்காம் நிலை நடப்பில் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாளன்று ஆறாம் நிலை வந்தது. எரிபொருளில் உள்ள கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்திற்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. ஐந்தாம் நிலையை அரசு தாண்டிச் சென்றுவிட்டது.

சிக்கல் இங்கேதான் எழுகின்றது. நான்கிற்கும் ஆறிற்கும் உரிய எழுத்துகள் அவையே இரண்டு: ஐ, வி. 'ஐவி' என்றால் நான்கு. 'விஐ' என்றால் ஆறு. ஆலைப் பணியாளரை ஏற்றிச் செல்லப் பழைய வேன் ஒன்றை வாங்கும் குடும்பத் தலைவர், பதிவுச் சான்றில் அந்தக் கோடு எப்பக்கம் நிற்கின்றது என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தல் நலம். இரண்டு நிலைகளுக்கும் விலை வேறு. டீசல் வண்டியாயின் புகைக்குழாயிலுள்ள கருவிகளும் அவற்றைப் பேணும் செலவும் வேறு. தரகரின் வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பமிடுவது எனக்கு உடன்பாடன்று.

முறை எளியது. எழுத்துகள் ஏழே: ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. பெரியது முன்னும் சிறியது பின்னும் வந்தால் கூட்டுக. சிறியது பெரியதற்கு முன் வந்தால் கழிக்க. ஆயினும் எதை வேண்டுமாயினும் எதன் முன்னும் வைத்துக் கழிக்கலாகாது. நாற்பத்தொன்பதை 'ஐ-எல்' என்று சுருக்குதல் பிழை; நாற்பதிற்கு 'எக்ஸ்-எல்', ஒன்பதிற்கு 'ஐ-எக்ஸ்' என்று தனித்தனியே எழுதிச் சேர்க்க வேண்டும். ஓரெழுத்து மும்முறைக்கு மேல் அடுத்தடுத்து வருவதில்லை. (சுவர்க் கடிகாரத்தில் நான்கு கோடுகள் நிற்கின்றனவே என்பீர்கள். அது கடிகாரம் செய்வோரின் பழைய மரபு, பிழையன்று.)

பள்ளிச் சான்றிலும் இதே இடர்ப்பாடு உண்டு. 'ஐ-எக்ஸ்' ஒன்பதாம் வகுப்பு. 'எக்ஸ்-ஐ' பதினொன்றாம் வகுப்பு. பதினொன்றோடு படிப்பை நிறுத்தி வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞன் இவற்றை மாற்றி எழுதினால், தான் படித்த இரண்டாண்டைத் தானே வெட்டியவனாகின்றான்.

பழந்தமிழ் எண்களை அறிந்த முதியோர்க்கு இது பெரும் புதுமையாகத் தோன்றாது. நமக்கும் பத்திற்கு ௰, நூற்றிற்கு ௱, ஆயிரத்திற்கு ௲ என்று தனிக்குறிகள் இருந்தன. ௰௪ என்றால் பதினான்கு. ௪௰ என்றால் நாற்பது. சிற்றெண் இடப்பக்கம் நின்றால் உரோமையர் கழித்தனர், நம்மவர் பெருக்கினர். அவ்வளவே வேற்றுமை. கழிக்கும் சாயலும் நம் சொற்களில் இல்லாமலில்லை. தொண்ணூறு என்னும் சொல்லில் ஒலிப்பது பத்தன்று, நூறு. தொள்ளாயிரத்தில் ஒலிப்பது ஆயிரம். உரோமையரும் தொண்ணூற்றை நூற்றின் குறிகொண்டே 'எக்ஸ்-சி' என்றும், தொள்ளாயிரத்தை ஆயிரத்தின் குறிகொண்டே 'சி-எம்' என்றும் எழுதினர். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு எண்முறைகளும் ஒருங்கே மனத்தில் பதியும்.

திருச்சபையில் உரோமை எண் பெரிதும் பயிலுமிடம் திருத்தந்தையரின் பெயர்களே. நம் வண்டிகளுக்கு ஐந்தாம் நிலை இல்லாததுபோல, அவ்வரிசையில் இருபதாம் அருளப்பர் என்று எவருமில்லை. இடைக்காலத்தில் எண்ணிக்கையில் நேர்ந்த குழப்பத்தால் பத்தொன்பதாமவரை அடுத்து இருபத்தொன்றாமவர் வந்துவிட்டார். 1958இல் தேர்வான அருளப்பரோ இருபத்துமூன்றாமவர்.

2025 மே 8ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ. நம் பாட்டனார் காலமாயின் சிங்கராயர் என்றே எழுதியிருப்பர். பதின்மூன்றிற்கு 'எக்ஸ்-ஐ-ஐ-ஐ' என நான்கு எழுத்து. பதினான்கிற்கு 'எக்ஸ்-ஐ-வி' என மூன்றே. எண் கூட எழுத்து குறைகின்றது! அப்பெயரைக் கொண்டதன் காரணத்தை இரண்டு நாள் கழித்துக் கர்தினால்மாரிடம் அவரே எடுத்துரைத்தார். முதற்பெருந் தொழிற்புரட்சியின் காலத்தில் தொழிலாளர் சிக்கலைப் பற்றி 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வரைந்தவர் பதின்மூன்றாம் லியோ. இன்று செயற்கை நுண்ணறிவு அதேபோன்ற கேள்வியை எழுப்புகின்றது என்றார். நேர்மையான கூலி, ஓய்வு, சங்கம் சேரும் உரிமை ஆகியவை அம்மடல் பேசிய பொருள்கள். இயந்திரக் கரங்கள் பற்றவைக்கும் ஆலைகளுக்கு ஷிப்ட் மாறி மாறிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அவை அந்நியமானவையல்ல.

அம்மடல் வெளிவந்த ஆண்டை உரோமை எண்ணில் எழுதினால் 'எம்-டி-சி-சி-சி-எக்ஸ்-சி-ஐ' என நீளும். பிள்ளைகள் இதைப் படித்துப் பார்க்கட்டும். எம் ஆயிரம், டி ஐந்நூறு, மூன்று சி முந்நூறு. அடுத்துள்ள எக்ஸைக் கண்டதும் பத்து எனக் கூட்டிவிடாமல், அதன் பின்னே ஒரு சி காத்திருப்பதைக் காண்க. அவ்விரண்டும் சேர்ந்து தொண்ணூறு. இறுதியில் நிற்கும் ஐ ஒன்று. ஆண்டு 1891.